வால்வோ 940 வேகன்: பின்பக்க நிவோமேட்டை எடுத்துவிட்டு சாதாரண ஸ்பிரிங் போடுவது

வடதுருவன்
வணக்கம். 1994 வொல்வோ 940 ஸ்டேஷன் வாகன், பின்பக்கம் நிவோமேட் (பாரத்துக்கேற்பத் தானே உயரத்தைச் சரிசெய்யிற சொக் அப்சோபர்). வெறும் வண்டியா நிக்கேக்கையே பின்பக்கம் பதிஞ்சு கிடக்குது. வலப்பக்க சொக்கில எண்ணெய்க் கசிவு தெரியுது. புது நிவோமேட் சோடி நல்ல விலை. அதை எடுத்துப்போட்டு சாதாரண சொக் அப்சோபர் போடலாமோ? சொக்கை மட்டும் மாத்தினாக் காணுமோ, ஸ்பிரிங்கையும் மாத்த வேணுமோ? சின்ன ட்ரெய்லர் ஒண்டும் இழுக்கிறது. கொக்கியில விழுற பாரம் 75 கிலோ வரை. இஞ்ச நோர்வேயில உப்புத் தெருவால போல்ட்டெல்லாம் துரு. அதையும் மனசில வைச்சுச் சொல்லுங்கோ.

பின்னச்சு
ஷாக்கை மட்டும் மாற்றினால் வண்டி இப்போது இருப்பதைவிட இன்னும் கீழே உட்காரும். காரணம் தெரிந்தால் மீதி வேலை எல்லாம் தானாகப் புரியும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சாதாரண ஷாக் அப்சார்பர் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. அசைவை அடக்குவது மட்டும்தான் அதன் வேலை, எடை முழுவதும் ஸ்பிரிங்கின் மேல். நிவோமேட் அப்படி அல்ல. பிஸ்டன் ராடுக்குள் ஒரு சின்ன பம்ப் இருக்கிறது. சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கும் அசைவே அந்த பம்பை ஓட்டி, தாழ் அழுத்த அறையிலிருக்கும் எண்ணெயை உயர் அழுத்த அறைக்குத் தள்ளும். அங்கே வாயு அழுந்தும், ராட் வெளியே வரும், வண்டியின் பின்பக்கம் எழும். குறித்த உயரம் வந்ததும் பம்புக்குள் ஒரு துளை திறந்து எண்ணெய் தாழ் அழுத்த அறைக்கே திரும்பிவிடும், தூக்குவது நிற்கும். வெளியிலிருந்து ஹோஸ் இல்லை, வயர் இல்லை, கம்ப்ரஸர் இல்லை. எடையில் ஒரு பங்கை எப்போதும் அந்த ஷாக்கே தாங்குவதால், தொழிற்சாலை அதனுடன் மெலிந்த கம்பியில் செய்த மென்மையான ஸ்பிரிங்கைப் போட்டிருக்கும்.

அந்த மெலிந்த ஸ்பிரிங்கை விட்டுவிட்டு சாதாரண ஷாக் போட்டால், நிவோமேட் தாங்கிய பங்கைத் தாங்க ஆளில்லை. நாலு பேர் ஏறினால் ஆக்சில் பம்ப் ஸ்டாப்பில் (அளவுக்கு மேல் எழாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) போய் இடிக்கும். ஆக, ஸ்பிரிங், ஷாக், பம்ப் ஸ்டாப் மூன்றையும் இரண்டு பக்கமும் ஒரே செட்டாக மாற்றுங்கள். ஒன்றை விட்டு ஒன்றை மாற்றக்கூடிய வேலை இல்லை இது.

டவ்பார்
அதற்கு முன்னால் ஒரு கேள்வி. நிவோமேட் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்த்தாயிற்றா? பதிந்து கிடப்பதற்கு உடைந்த ஸ்பிரிங்கும் காரணமாக இருக்கலாம். துருப்பிடித்த ஊர்களில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று ஒடிந்து இருக்கையிலேயே கிடக்கும், குனிந்து பார்த்தாலும் எளிதில் தெரியாது.

சோதனை சுலபம். சமதரையில் வெறும் வண்டியை நிறுத்தி, பின்சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை செங்குத்தாக இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். டிக்கியில் 150 முதல் 200 கிலோ ஏற்றி மறுபடி அளக்கவும். பிறகு மேடுபள்ளமான சாலையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, பாரத்தை இறக்காமல் அளக்கவும். நல்ல நிவோமேட் ஒன்று ஒன்றரை கிலோமீட்டருக்குள் வேலையை முடித்து, வெறும் வண்டியின் உயரத்துக்கு அருகில் கொண்டு வந்துவிடும். வழுவழுப்பான சாலையில் கூடுதல் தூரம் ஆகும், அசைவு குறைந்தால் பம்பும் குறைவாகத்தான் ஓடும். ஒரு மில்லிமீட்டர்கூட எழவில்லை என்றால் முடிந்தது.

பின்னச்சு
சரியான சோதனை. இங்கே எண்ணெய்க் கசிவு கண்ணுக்கே தெரிகிறது என்பதால் வலப்பக்கத்துக்குச் சந்தேகம் இல்லை. ஒரு பக்கம் கசிந்தால் மறுபக்கமும் அதே வயது, அதே கிலோமீட்டர்.

வடதுருவன்
நன்றி அண்ணை. ஸ்பிரிங் எந்த ஸ்பிரிங்? சலூனுக்குரியதும் வாகனுக்குரியதும் ஒண்டோ?

கம்பிச்சுருள்
ஒன்றல்ல. வேகனின் பின்பக்கம் சலூனைவிடக் கனம், அது சுமக்க வேண்டிய பாரமும் அதிகம். கடையில் "940, பின்பக்கம்" என்று மட்டும் சொன்னால் எது வேண்டுமானாலும் வரும். "வேகன், நிவோமேட் இல்லாதது" என்று இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். லெஸ்யோஃபோர்ஸ் போன்ற ஸ்வீடன் ஸ்பிரிங் தயாரிப்பாளர்களின் பட்டியலில் இவை தனித்தனி எண்களில் இருக்கும்.

பெட்டி வந்ததும் பழையதையும் புதியதையும் காலிப்பர் வைத்து அளக்கவும். மூன்று அளவு போதும்: கம்பியின் விட்டம், சுருளின் சராசரி விட்டம் (வெளி விட்டத்தில் ஒரு கம்பித் தடிப்பைக் கழித்தது), வேலை செய்யும் (இருக்கையில் படியாமல் அசையும்) சுற்றுகளின் எண்ணிக்கை. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் இறங்கும், சுற்று எண்ணிக்கைக்குத் தலைகீழாக மாறும். எஃகின் விறைப்புக் குணகத்தை (ஷியர் மாடுலஸ்) சதுர மில்லிமீட்டருக்கு 79,000 நியூட்டன் என்று வைத்து, அதைக் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கால் பெருக்கி, எட்டு × சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்கு × சுற்றுகள் என்பதால் வகுத்தால் மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வந்துவிடும்.

கணக்குக்காக ஒரு எடுத்துக்காட்டு (940-இன் அளவு அல்ல): சுருள் 120 மி.மீ., சுற்று 6.5, கம்பி 12.5 மி.மீ. என்றால் விறைப்பு ஏறக்குறைய 21.5. கம்பியை மட்டும் 13.5 ஆக்கினால் 29. ஒரே ஒரு மில்லிமீட்டர்தான், விறைப்பு 36 சதவீதம் கூடுகிறது. கண்ணால் பார்த்து "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லவே முடியாத வித்தியாசம் இது. புது ஸ்பிரிங்கின் கம்பி பழையதைவிடத் தடித்திருக்கவில்லை என்றால், தவறான பெட்டி வந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். பொருத்துவதற்கு முன்பே திருப்பி அனுப்புங்கள்.

இன்னொன்று, நிவோமேட் இல்லாத ஸ்பிரிங் தனியே நிற்கும்போது பழையதைவிட உயரம் குறைவாகக்கூட இருக்கலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விறைப்பான ஸ்பிரிங் வண்டியின் எடையில் குறைவாகவே அமுங்கும்.

கீழ்த்தளம்
எதிர்ப்பக்கமாக ஒரு கேள்வி. ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பானதாகப் போட்டுவிட்டு, பழைய நிவோமேட்டை வெறும் ஷாக்காக விட்டுவைத்தால் என்ன? செலவு பாதியாகுமே.

பின்னச்சு
வேண்டாம். நிவோமேட்டின் அடக்கும் பலம் அதற்குள் இருக்கும் அழுத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும்: பாரம் கூடினால் அழுத்தம் கூடும், அடக்கலும் கூடும். எடை முழுவதையும் ஸ்பிரிங் எடுத்துக்கொண்டால் உள்ளே அழுத்தமே எழாது. விறைப்பான ஸ்பிரிங்குக்குக் கூடுதல் அடக்கல் தேவைப்படும் அதே நேரத்தில் ஷாக் தளர்ந்து கிடக்கும். பாலத்து இணைப்பில் ஏறி இறங்கினால் பின்பக்கம் இரண்டு மூன்று தடவை துள்ளும், ஈரச் சாலையில் அது ஆபத்து. நிவோமேட் நல்ல நிலையில் இருந்தாலோ, வெறும் வண்டியில் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

ஷாக்கும் வேகனுக்கு உரியதாக இருக்கட்டும். பில்ஸ்டீன், கேஒய்பி, சாக்ஸ் மூவருமே நிவோமேட் இல்லாத வண்டிக்கென்று தனி எண் வைத்திருப்பார்கள். வழக்கத்தைவிட 30 சதவீதம் விறைப்பான "ஹெவி டியூட்டி" ஸ்பிரிங் போடுபவருக்குத் தேவையான அடக்கல் 14 சதவீதம்தான் கூடும் (வர்க்கமூலக் கணக்கு), அதைக் கொஞ்சம் கெட்டியான வாயு ஷாக் தாங்கிவிடும். அதற்கு மேல் விறைப்பு போனால் ஷாக்கையும் அதற்கேற்பத் தேட வேண்டும்.

டவ்பார்
ஹெவி டியூட்டி பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், ட்ரெய்லர் இழுக்கிறவர் நிவோமேட்டையே புதிதாகப் போடுவது நல்லது என்பது என் கருத்து. வெறும் வண்டியில் மென்மை, பாரத்தில் உயரம், இரண்டையும் தருவது அது ஒன்றுதான். சாதாரண ஸ்பிரிங்கில் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

பின்னச்சு
எவ்வளவு பாரம் என்பதைப் பொறுத்தது. அவர் சொன்ன எண்ணை வைத்தே பார்ப்போம். 940-இன் வீல்பேஸ் 2,770 மி.மீ. கொக்கி பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் என்று வைத்தால், கொக்கியில் விழும் 75 கிலோ பின் ஆக்சிலில் ஏறக்குறைய 107 கிலோவாக இறங்கும், முன் ஆக்சிலில் 32 கிலோ குறையும். நெம்புகோல் கணக்குதான். சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு பக்கத்துக்கு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் என்றால் பின்பக்கம் 21 மி.மீ. இறங்கும். அது மட்டும் என்றால் சாதாரண ஸ்பிரிங் தாராளமாகப் போதும்.

அதோடு டிக்கியில் 200 கிலோ சாமானும் ஏற்றினால் இன்னொரு 39 மி.மீ. அப்போது மொத்தம் 60. அந்த நிலையில் நீங்கள் சொல்வது சரி, நிவோமேட்டுக்கு மதிப்பு உண்டு. ஆண்டு முழுக்க இரண்டையும் சேர்த்து ஏற்றுபவர் விலையைப் பார்க்காமல் நிவோமேட்டே போடட்டும். எப்போதாவது ஏற்றுபவருக்குச் சாதாரண வேகன் ஸ்பிரிங்.

கீழ்த்தளம்
ஸ்பிரிங்குக்குள் செருகும் காற்றுப்பை? ஏர் லிஃப்ட் 1000 மாதிரி.

டவ்பார்
ஏற்றும் நாளில் மட்டும் உதவி வேண்டும் என்றால் நல்ல தீர்வு. அதன் அளவு குறைந்தது 5 பிஎஸ்ஐ, கூடியது 35. வெறும் வண்டியிலும் 5-க்குக் கீழே விடக்கூடாது, பை மடிந்து உரசிக் கிழியும். இரண்டு பைக்கும் ஒரே குழாயை T வடிவ இணைப்பால் பிரித்துக் கொடுத்தால் வளைவில் வெளிப்பக்கக் காற்று உள்பக்கத்துக்கு ஓடி வண்டி சாயும், தனித்தனிக் குழாய் இழுங்கள். எக்ஸாஸ்ட் பைப்பிலிருந்து குழாய் விலகி ஓட வேண்டும். ஆனால் ஒன்று: தளர்ந்த நிவோமேட் ஸ்பிரிங்குக்குள் இந்தப் பையைப் போட்டுச் சமாளிப்பது சரியல்ல. சரியான ஸ்பிரிங் போட்ட பிறகு, அதற்கு மேல் துணையாக மட்டும்.

வடதுருவன்
சரி, சாதாரண ஸ்பிரிங் எண்டு முடிவு. இனி வேலை முறையைச் சொல்லுங்கோ. ஸ்பிரிங் கொம்ப்ரஸர் வாடகைக்கு எடுக்க வேணுமோ?

பின்னச்சு
940 வேகனில் பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே திட ஆக்சில் (லைவ் ஆக்சில்), ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி இடத்தில். ஆக்சிலை முழுவதும் இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், பெரும்பாலும் கம்ப்ரஸர் தேவைப்படாது. அதனால் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம், ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: ஆக்சில் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதைப் பிடித்து வைத்திருப்பதே ஷாக்தான். ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி இல்லாமல் ஷாக் போல்ட்டைக் கழற்றினால், அமுங்கிய ஸ்பிரிங் ஆக்சிலை ஒரே அடியாகக் கீழே தள்ளும். கை அங்கே இருந்தால் போச்சு.

வாங்க வேண்டியவை: ஸ்பிரிங் 2, ஷாக் 2, நிவோமேட் இல்லாத வேகனுக்கான பம்ப் ஸ்டாப் 2, ஸ்பிரிங்கின் மேலும் கீழும் வரும் ரப்பர் இருக்கைகள், ஷாக்குக்கான புது போல்ட்டும் லாக் நட்டும் நான்கு ஜோடி. பம்ப் ஸ்டாப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வண்டியில் இப்போது இருப்பது நிவோமேட்டோடு சேர்த்துத் தேர்ந்தெடுத்தது, புது ஸ்பிரிங்குக்கு அது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

துருவுக்கு: முதல் நாளே ஷாக் போல்ட் நான்குக்கும் ஊடுருவும் எண்ணெய் அடித்து வைக்கவும். இங்கே சிக்குவது பெரும்பாலும் நட் இல்லை. ஷாக்கின் ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு போல்ட்டின் உடல் துருவால் ஒட்டிக்கொள்ளும். நட் கழன்று போல்ட் சுற்றும், ஆனால் வெளியே வராது. சுத்தியலால் அடித்து பிராக்கெட்டை வளைப்பதைவிட, புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ரம்பப் பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்து எடுப்பது நல்லது, போல்ட் எப்படியும் புதிதுதான். தீ வைத்துச் சூடாக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் வாயுவும் எண்ணெயும் இருக்கின்றன.

வரிசை இப்படி. முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள், ஹேண்ட்பிரேக்கை நம்ப வேண்டாம், கேபிள் ஆக்சிலோடு சேர்ந்து இழுபடும் என்பதால் அதை விடுவித்தே வைக்கவும். பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டை உடலின் ஜாக்கி இடங்களில் வையுங்கள், ஆக்சிலுக்கு அடியில் அல்ல. சக்கரங்களைக் கழற்றி, டிஃபரன்ஷியலுக்கு (ஆக்சிலின் நடுவிலுள்ள கியர் பெட்டி) அடியில் ஜாக்கியை வைத்து ஷாக் லேசாக அமுங்கும் வரை ஏற்றுங்கள். இப்போது ஷாக்கின் கீழ் போல்ட், பிறகு மேல் போல்ட். ஸ்டெபிலைசர் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இருந்தால் அதன் பிடிப்பையும் விடுவிக்கவும். பேன்ஹார்ட் ராடின் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) ஒரு முனையைக் கழற்றினால் ஆக்சில் பக்கவாட்டில் இழுக்காமல் நேராக இறங்கும்.

இனி ஜாக்கியை மெதுவாக இறக்க வேண்டியது, அந்த நேரம் முழுக்க இரண்டு இடத்தில் கண் இருக்கட்டும்: பிரேக் ஹோஸ், டிஃபரன்ஷியலில் இருந்து வரும் ஸ்பீடோமீட்டர் சென்சார் வயர். ஹோஸ் இறுகத் தொடங்கினால் அதோடு நிறுத்தி, அதன் பிடிப்புக் கிளிப்பைக் கழற்றி இடம் கொடுத்த பிறகே தொடரவும். ஸ்பிரிங் இருக்கையில் பிடிப்பு நட் இருந்தால் கழற்றி, ஸ்பிரிங்கைக் கையால் எடுக்கவும். இருக்கையைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். ஸ்பிரிங் உட்காரும் தகடு துருவில் மெலிந்து போயிருந்தால் புது ஸ்பிரிங் போடுவதற்கு முன்னால் வெல்டிங் வேலை இருக்கிறது என்று பொருள்.

புது ஸ்பிரிங்கின் வெட்டு முனை ரப்பர் இருக்கையின் படியில் சரியாக முட்ட வேண்டும். அதைக் கையால் தடவியே உறுதிசெய்யவும். இரண்டு பக்கமும் வைத்த பிறகு ஜாக்கியை ஏற்றி, ஷாக்கைப் பொருத்தி, எல்லா போல்ட்டையும் கையிறுக்கமாக மட்டும் வைக்கவும். போல்ட்டின் வழுவழுப்பான உடலில் காப்பர் கிரீஸ் தடவலாம், மரையில் வேண்டாம். மரையில் கிரீஸ் பட்டால் டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவு பொய் சொல்லும்.

கம்பிச்சுருள்
"கையிறுக்கமாக மட்டும்" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை ஆக்சில் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் அந்த ரப்பர் எல்லாம் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். முதலில் வண்டி கொஞ்சம் உயரமாகத் தெரியும், பிறகு புஷ் கிழியும். சக்கரம் போட்டு வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு மூன்று தடவை பின்பக்கத்தை அமுக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஷாக், பேன்ஹார்ட் ராட், ஸ்டெபிலைசர் எல்லாவற்றையும் அந்த ஆண்டுக்கான சர்வீஸ் புத்தகத்திலுள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சில் இறுக்கவும். சக்கர நட் 85 நியூட்டன் மீட்டர்.

வெளிச்சம்
எல்லோரும் மறப்பது ஹெட்லைட். இதுவரை பாரம் ஏறினாலும் பின்பக்கம் சமமாகவே நின்றது, இனி நிற்காது. மேலே சொன்ன 39 மி.மீ. இறக்கத்தை 2,770-ஆல் வகுத்தால் 1.4 சதவீதச் சாய்வு. 10 மீட்டர் தூரத்தில் வெளிச்சத்தின் விளிம்பு 14 செ.மீ. மேலே போகும். லோ பீம் 10 மீட்டரில் 10 செ.மீ. இறங்கும்படி வைத்திருந்தால், இப்போது அது கிடைமட்டத்தைத் தாண்டி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். டாஷ்போர்டில் உயரம் மாற்றும் சுவிட்ச் இருந்தால் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்பிரிங் மாற்றியதும் வெறும் வண்டியில், ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் ஒரு தடவை, பாரத்தோடு ஒரு தடவை சுவரில் பார்த்து விடுங்கள். நோர்வே ஈயூ கொன்ட்ரோலில் (வண்டிகளுக்கான கட்டாயத் தகுதிச் சோதனை) வெளிச்சத்தையும் பார்ப்பார்கள்.

கீழ்த்தளம்
இதே முறை 960-க்கும் பொருந்துமா? 1996 மாடல்.

பின்னச்சு
பொருந்தாது. 1995 மாடலிலிருந்து 960-லும் பிறகு வி90 என்ற பெயரிலும் வந்த வேகன்களில் பின்பக்கம் மல்டிலிங்க் (ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாகப் பல கம்பிகள் பிடிக்கும் அமைப்பு), குறுக்கே ஃபைபர் கலவையில் செய்த ஒற்றை இலை ஸ்பிரிங். சுருள் ஸ்பிரிங்கே இல்லை. "மூன்றையும் சேர்த்து மாற்று" என்ற விதி அங்கும் உண்டு, வேலை முறை முற்றிலும் வேறு. 850, பழைய வி70 ஆகியவற்றில் சுருள்தான், ஆனால் பின்பக்க அமைப்பு இதுவல்ல. அவற்றுக்குத் தனி இழை திறக்கலாம்.

வடதுருவன்
எல்லாம் விளங்கீட்டுது. கடைசியா ரெண்டு கேள்வி. பழைய நிவோமேட்டை என்ன செய்யிறது? பூட்டி முடிச்சாப் பிறகு இடம் வலம் உயரம் வித்தியாசமா இருந்தா எங்க பாக்கிறது?

கம்பிச்சுருள்
நிவோமேட்டை அறுக்காமல், துளையிடாமல் உலோகக் கழிவு எடுக்கும் நிலையத்தில் "அழுத்தத்தில் உள்ள ஷாக்" என்று சொல்லி ஒப்படைக்கவும்.

உயர வித்தியாசத்துக்கு முதலில் டயர் காற்று, தரையின் சமநிலை. 5 மி.மீ.க்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால் உயர்ந்து நிற்கும் பக்கத்தில் ஸ்பிரிங் முனை படியில் உட்காராமல் ரப்பரின் மேல் ஏறி நிற்கிறதா என்று பார்க்கவும், பத்தில் எட்டுத் தடவை அதுதான். முனை சரியாக இருந்தால் ஷாக், பேன்ஹார்ட் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை அமுக்கிவிட்டு, தரையிலேயே மறுபடி இறுக்கவும். அப்போதும் மாறவில்லை என்றால் இரண்டு ஸ்பிரிங்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் ஸ்பிரிங்கில் குறை, கடையில் கொடுத்து மாற்றலாம். மாறாமல் அதே பக்கம் நின்றால் ஸ்பிரிங் இருக்கையையோ முன்பக்க ஸ்பிரிங்கையோ பார்க்க வேண்டும். முன்பக்கம் ஒரு மூலை தளர்ந்திருந்தால் எதிர்மூலையில் பின்பக்கம் எழுந்து காட்டும்.

அளவை அன்றே முடிவாக எடுக்க வேண்டாம். புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் சில மில்லிமீட்டர் படியும். அதன் பிறகு அளந்து, ஹெட்லைட்டையும் அப்போது ஒரு தடவை சரிசெய்து, ஷாக் போல்ட்டுகளின் இறுக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். பேன்ஹார்ட் ராட் உள்ள ஆக்சில் என்பதால் வண்டியின் உயரம் மாறினால் ஆக்சில் ஒரு பக்கமாகச் சற்று நகரும். டயருக்கும் மட்கார்டு உள்விளிம்புக்கும் நடுவில் இரண்டு பக்கமும் விரலை விட்டுப் பாருங்கள், நிவோமேட் இருந்தபோது எடுத்த அளவு கையில் இருந்தால் ஒப்பிட வசதி.